கறுக்காத வெள்ளி ஸ்பூன்

"மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசினா என் குரல் கொஞ்சம் கம்பீரமா இருக்கில்ல, அண்ணி?"

"சளி பிடிச்ச வாத்து மாதிரி இருக்கு. கைக்குட்டையை எடு. நாம வந்திருக்கறதே மோந்து பார்க்கத்தான்."

ரேடியோ கைக்குட்டையை எடுத்தான். உடனே மறுபடி பொத்திக்கொண்டான். கழிவுநீர் பம்ப் ஹவுஸின் வாசற்படியில் நின்றதற்கே அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவள். வேலையை விட்டபின் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டு, 'உண்மை கண்டறிந்து தரப்படும்' என்று பலகை மாட்டினாள். உதவியாளனாகக் கணவனின் தம்பி வாய்த்தான். வேறு யாரும் அவனுக்கு வேலை தரவில்லை என்பதும், அவன் வாய் ஓய்ந்து ஒருவரும் பார்த்ததில்லை என்பதும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள். ரேடியோ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்த வழக்கில் கொலைகாரன் இல்லை. இந்த பம்ப் ஹவுஸின் ஆபரேட்டர், போன வாரம் ஒரு மாலையில் கழிவுநீர்க் கிணற்றுக்குள் இறங்கினார். ஏறவில்லை. விஷவாயு. விபத்து என்று போலீஸ் மூடிவிட்டது. ஆனால் துறையின் விசாரணை அறிக்கை இன்னொரு வரியைச் சேர்த்துக்கொண்டிருந்தது: குடிபோதையில் இறங்கினார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் ஆபரேட்டரின் மனைவி அண்ணியின் மேஜைக்கு வந்து அழுதாள். "அவர் ஒரு சொட்டு தொட்டதில்லைம்மா. எம் பொண்ணுக்கு ஒரு இடம் பேசி முடியற நேரம். குடிகாரன் பொண்ணுன்னு பையனோட அம்மா போனை வெச்சுட்டாங்க. போன உயிரை நான் கேக்கலை. அந்த வார்த்தையை மட்டும் எடுத்துக் குடுங்க."

அறிக்கை நாளைக்கு மேலிடத்துக்குப் போகிறது.

"வாங்க மேடம்," என்று இன்ஜினியர் உள்ளே அழைத்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். சட்டைக் காலரில் சென்ட் வாசனை. "பார்க்கறதுக்கு இங்க என்ன இருக்கு? பார்க்க பார்க்க இடிஞ்சு விழற கட்டடம்தான் இருக்கு."

அவர் மிகைப்படுத்தவில்லை. அண்ணி சுவரில் விரலை வைத்தாள். சிமெண்ட் மாவாக உதிர்ந்தது. கூரையில் கம்பிகள் விலா எலும்பு போலத் துருத்திக்கொண்டிருந்தன. கதவின் பூட்டு, மின்சாரப் பெட்டியின் செம்புக் கம்பி, சுவர்க்கடிகாரத்தின் வளையம், எல்லாம் அடுப்பில் போட்டு எடுத்த மாதிரி கறுத்திருந்தன.

"இதெல்லாம் நாத்தம் தின்னதா?" என்றான் ரேடியோ.

"நாத்தம்னு சாதாரணமா சொல்லாதீங்க. ஊர்ச் சாக்கடை முழுக்க ஒரு நீளமான குழாய்ல தேங்கித் தேங்கி இங்க வருது. உள்ள காத்தே படாது. அதுல இருக்கற கிருமிங்க விடற மூச்சுதான் இந்த ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை வாடை. ஈரச் சுவர்ல பட்டா அமிலமாகி சிமெண்டைத் தின்னும். செம்பு, வெள்ளி எல்லாத்தையும் கறுக்க வைக்கும்."

"மனுஷனை?" என்றாள் அண்ணி.

"கொஞ்சமா இருந்தா கண்ணு எரியும். நிறைய இருந்தா ரெண்டு மூச்சு போதும்."

"தடுக்க வழியே இல்லையா?"

"ஏன் இல்லாம? குழாய் ஆரம்பிக்கற இடத்துல ஒரு டேங்க்ல மருந்து இருக்கு. வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமா விட்டா வாயு உருவாகவே உருவாகாது. ஆபரேட்டர் தினமும் சைக்கிள்ல போய் அந்த வால்வைப் பார்த்துட்டு வரணும்."

"அன்னிக்கு வால்வு எப்படி இருந்துச்சு?"

இன்ஜினியர் ஒரு நொடி காலரைச் சரிசெய்தார். "பாதி. நான்தான் சொன்னேன். மருந்துச் செலவு தாங்கலைன்னு மேல இருந்து கத்தறாங்க. இவர் லீவுல ஊருக்குப் போயிருந்தார். மாத்து ஆள் கிட்ட பாதியா குறைக்கச் சொன்னேன். இவர் திரும்பி வந்து, நிலைமையைப் பார்த்துக் கூட்டியிருக்கணும். அதுதான் அவர் வேலை."

"நிலைமையை எதை வெச்சுப் பார்ப்பார்? மீட்டர் இருக்குமே?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"எப்போ போச்சு?"

"நான் இங்க மாத்தலாகி வர்றதுக்கு முன்னாடியே."

"ரிப்பேர் ஆகாது சார், இந்நேரம் ரிட்டையர் ஆகியிருக்கும்," என்றான் ரேடியோ.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "தம்பி, மீட்டர் எதுக்கு? முகத்துல மூக்கு இருக்கே! வாயு அதிகமா இருந்தா மூக்கு மரத்துப் போயிடும், வாஸ்தவம். ஆனா மூடியைத் திறந்த உடனே முதல்ல ஒரு அறை விடும். சுயநினைவோட இருக்கறவன் பத்தடி பின்னால ஓடுவான். இவர் ஓடலை. இறங்கினார். அப்போ சுயநினைவு இல்லைன்னுதானே அர்த்தம்? போதாக்குறைக்கு இது."

அலமாரியிலிருந்து ஒரு மது பாட்டிலை எடுத்து வைத்தார். பாதி காலி. பம்புக்குப் பின்னால் கிடைத்ததாம்.

"ரத்தப் பரிசோதனை?"

"அனுப்பியிருக்கோம். வரும்போது வரும். அறிக்கை அதுவரைக்கும் காத்திருக்காது."

அண்ணி பாட்டிலின் தகர மூடியை வெளிச்சத்தில் திருப்பினாள். கல்யாணப் பெண் மாதிரி மின்னியது.

"ரேடியோ, இந்த ரூம்ல பளபளப்பா வேற என்ன இருக்கு?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "சாரோட வழுக்கைதான் அண்ணி. அதுவும் இப்பதான் வந்துச்சு."

"அதேதான். இங்க பளபளன்னு இருக்கற எதுவும் ரொம்ப நாளா இங்க இருந்ததில்ல. இந்த பாட்டில் இங்க வந்து ரெண்டு நாள் கூட ஆகியிருக்காது. ஆபரேட்டர் செத்து ஒரு வாரம் ஆச்சு."

இன்ஜினியரின் முகம் சிவந்தது. பாட்டிலை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பாட்டிலை விடுங்க. யாரோ வெச்சிருப்பாங்க. என் கேள்விக்கு பதில் சொல்லுங்க மேடம். குடிக்காத மனுஷன், அந்த நாத்தத்துல ஏன் இறங்கினார்?"

அண்ணி அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

பம்ப் ஹவுஸ் சுவரை ஒட்டியே ஆபரேட்டருக்கான குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு சமையலறை. கிணற்றின் வாயுவை வெளியேற்றும் புகைபோக்கிக் குழாய் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. உள்ளே எல்லாம் துடைத்து வைத்த சுத்தம். ஆனால் கதவுத் தாழ்ப்பாள் கறுப்பு, சாவி கறுப்பு, கண்ணாடியின் ஓரங்களில் ரசம் போய்க் கறுப்பு.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எதைத் தேய்ச்சாலும் பத்து நாள்தான்," என்று ஆபரேட்டரின் மனைவி காபி டம்ளரை நீட்டினாள். "என் கைரேகையே தேய்ஞ்சு போச்சு. அவருக்கென்ன, நாத்தம்னு ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. எங்களுக்குத்தான் துணி, தலகாணி எல்லாம் வாடை."

"அப்பாவுக்கு எல்லாமே தமாஷ்," என்றாள் மகள். அழுது அழுது கண் வீங்கியிருந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லும்போது உதட்டோரம் லேசாக அசைந்தது. "பால் கெட்டுப் போயிருக்கும், அதுலயே காபி போட்டுக் குடுத்துட்டு, 'ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க'ம்பார். அன்னிக்குக் கூட, அவங்க எல்லாரும் வந்தப்ப..."

"அவங்கன்னா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. பையனும் அவங்க அம்மாவும். அப்பா பெரியப்பாவை அழைச்சிட்டு வர ஊருக்குப் போயிருந்தார். பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அப்பா மட்டும் காலை பஸ்ல வந்து இறங்கினார். மத்தியானம் அவங்க வந்தாங்க. அவங்க அம்மா ஒரு பூங்கொத்து கொண்டு வந்தாங்க. அப்பா அதை வாங்கி, மூக்குல வெச்சு, கண்ணை மூடிக்கிட்டு, 'ஆஹா, என்ன மணம், என்ன மணம்'னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றான் ரேடியோ.

மகள் மேஜையைக் காட்டினாள். ஜாடியில் அந்தப் பூங்கொத்து இருந்தது. ரேடியோ குனிந்து தொட்டுப் பார்த்தான். துணிப் பூக்கள். கம்பித் தண்டு, பச்சைக் காகிதம் சுற்றியது.

அவன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஏற்கெனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோ எடுத்தீங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

மகள் போனைத் திறந்து கொடுத்தாள். ஆபரேட்டர் பூங்கொத்தில் முகம் புதைத்திருக்கிறார். பையனின் அம்மா வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். தட்டு, டம்ளர், சுவரில் மாட்டிய படத்தின் சட்டம், எல்லாம் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. பின்னால் சமையலறை ஜன்னல் தெரிகிறது. ஜன்னல் சட்டத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு சாவி, அதன் பக்கத்தில் குழந்தைகளுக்கு ஊட்டும் சின்ன ஸ்பூன் ஒன்று.

அண்ணி படத்தை விரல்களால் பெரிதாக்கினாள். சாவி கரிக்கட்டை. ஸ்பூன் நிலாத்துண்டு.

மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போனாள். அதே ஆணி, அதே சாவி. ஸ்பூன் இப்போது சாவியை விடக் கறுப்பாக இருந்தது.

"இது வெள்ளியா?"

"வெள்ளிதான்மா. இவ பொறந்தப்ப எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது," என்று மனைவி பின்னாலேயே வந்தாள். "வீட்டுல இருக்கற ஒரே வெள்ளி. இதை அவர்தான் இங்க மாட்டினார். ஞாயித்துக்கிழமையானா அவரே இறக்கித் தேய்ச்சு மறுபடி மாட்டுவார். தினம் காலைல அதை ஒரு தரம் பார்த்துட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். ஊருக்குப் போறப்பக் கூட தேய்ச்சு மாட்டிட்டுத்தான் பஸ் ஏறினார். பொண்ணு மேல அவ்வளவு பாசம். வேற யாரையும் தொடக் கூட விட மாட்..."

அவள் வார்த்தை பாதியில் நின்றது. பிறகு அவசரமாக, "காபி ஆறுது, குடிங்க," என்றாள்.

அண்ணி ஒரே மடக்கில் குடித்தாள். "வரோம்மா," என்று ரேடியோவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

தெருமுனை வரை இருவரும் பேசவில்லை. ரேடியோவுக்கு அது மூச்சுப் பிடிப்பதைவிடக் கஷ்டமான காரியம்.

"சொல்லிடறேன் அண்ணி. மனுஷனுக்கு மூக்கு வேலை செய்யலை. துணிப்பூவை மோந்து பாராட்டினவர், கெட்ட பாலை மோந்து பார்க்கத் தெரியாதவர். இத்தனை வருஷ நாத்தத்துல மூக்கு செத்துப் போச்சு."

"ஆமா."

"வெளிய சொன்னா உடம்பு தகுதி இல்லைன்னு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. வீடும் போயிடும். அதனால வீட்டுல கூட சொல்லலை. தமாஷ் பண்ற மாதிரி சமாளிச்சார்."

"ஆமா."

"மீட்டரும் இல்ல, மூக்கும் இல்ல. அதனால..." அவன் நின்றுவிட்டான். "ஐயோ. அந்த ஸ்பூன்."

"புகைபோக்கிக்கு நேர் எதிர்ல மாட்டியிருக்கார். வாயு அதிகமா வந்தா வெள்ளி சீக்கிரம் கறுக்கும். கறுத்தா வால்வைக் கூட்டுவார், கிணத்துல இறங்க மாட்டார். பளபளன்னு இருந்தா இறங்குவார். அதுதான் அவரோட மீட்டர். பாசம்னு வீட்டுல நினைச்சுக்கிட்டாங்க. அவரும் அப்படியே நினைக்கட்டும்னு விட்டுட்டார்."

"ஊருக்குப் போறப்ப தேய்ச்சு மாட்டிட்டுப் போறார். இங்க இன்ஜினியர் மருந்தைப் பாதியாக்கறார். வாயு ஏறுது. ஸ்பூன் கறுக்குது. திரும்பி வந்து பார்த்தா..."

"கறுக்கலை. மாட்டிட்டுப் போன மாதிரியே மின்னுது. மருந்தைக் குறைச்சதை மாத்து ஆள் சொல்லியிருப்பார். பாதி மருந்தே போதும் போலிருக்குன்னு நினைக்கிறார். விருந்தாளிங்க போனதும், சந்தோஷமா, கிணத்துல அடைச்சிருக்கற குப்பையை எடுக்க இறங்கறார்."

"அப்போ யார் அதை நடுவுல..." ரேடியோ கேள்வியை முடிக்கவில்லை. போட்டோவில் தட்டு மின்னியது, டம்ளர் மின்னியது, சட்டம் மின்னியது. விருந்தாளி வருகிற அன்று விடியற்காலையில் எழுந்து வீட்டில் உள்ள எல்லாவற்றையும் தேய்ப்பது யார் என்று தெரிந்துகொள்ளத் துப்பறிய வேண்டியதில்லை.

"அண்ணி, இதை அவங்க கிட்ட சொல்லக் கூடாது."

"பளபளன்னு இருக்கற எதுவும் ரொம்ப நாளா அப்படி இருந்ததில்லன்னு எவ்வளவு கெட்டிக்காரத்தனமா சொன்னேன்," என்றாள் அண்ணி. "பாட்டிலுக்கு மட்டும் பொருந்தற மாதிரி சொல்லியிருக்கலாம்."

"சொல்லக் கூடாது அண்ணி."

"சொல்லப் போறதில்ல. மூக்கை மட்டும் சொல்லுவோம். அது போதும்."

அது போதவில்லை.

இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டார். துணிப்பூ கதைக்கு லேசாகத் தலையசைத்தார். பிறகு பேனாவை மூடிவைத்தார்.

"நல்ல கற்பனை மேடம். ஒண்ணு கேக்கறேன். மூக்கு செத்துப் போய் எத்தனை வருஷம் இருக்கும்?"

"பல வருஷம்."

"மீட்டரும் இல்ல. பல வருஷமா வாரத்துக்கு ரெண்டு தரம் கிணத்துல இறங்கியிருக்கார். எப்படி உயிரோட இருந்தார்? மூக்கு இருந்ததாலதானே? மூக்கு இல்லாதவன் மொத மாசமே செத்திருக்கணும். அவருக்கு வேற ஏதாவது வழி இருந்துச்சா?"

ரேடியோவின் வாய் திறந்தது. மேஜைக்கு அடியில் அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"இருந்தா சொல்லுங்க. எழுதறேன். எனக்கென்ன அந்த மனுஷன் மேல விரோதமா?" என்றார் இன்ஜினியர். உண்மையாகத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "இல்லைன்னா நாளைக்குக் காலைல இது இப்படியே போகும்."

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த வார்த்தையை எடுக்க ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அந்த சாட்சியைச் சொல்ல வைத்தால், சொல்கிறவள் உடைந்துபோவாள்.

"கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடலாம் அண்ணி. திட்டுவாங்க. வாங்கிக்கலாம். நான் தினமும் உங்க கிட்ட வாங்கறதுதானே," என்றான் ரேடியோ, திரும்பும் வழியில்.

"ம்."

"கேஸ் தோத்தாச்சுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"ம்."

குவார்ட்டர்ஸ் கதவு திறந்தே கிடந்தது. ஆபரேட்டரின் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பல்பொடி, ஈரத் துணி, அந்த ஸ்பூன். பாதி ஸ்பூன் வெள்ளை, பாதி கறுப்பு. மகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க," என்றாள் மனைவி, தலையைத் தூக்காமலே. "அவர் போனதுக்கப்புறம் இதை யாரும் தொடலை. தானா இவ்வளவு கறுத்துடுச்சு. அவர் ஊருக்குப் போயிருந்தப்பவும் இப்படித்தான் கறுத்துச்சு. பாசம்னு சொன்னேன் இல்ல? நீங்க போனதுக்கப்புறம் யோசிச்சேன். பொண்ணு மேல பாசம்னா அது தினம் சைக்கிளை எடுக்கற நேரத்துல மட்டும்தான் வருமா?"

"அம்மா..." என்று அண்ணி ஆரம்பித்தாள். "எங்களால எதுவும் கண்டுபிடிக்க..."

"நான்தான் தேய்ச்சேன்," என்றாள் மகள் சட்டென்று. குரல் உடைந்தது. "அவங்க வர்றாங்கன்னு அன்னிக்குக் காலைல நான்தான் இறக்கித் தேய்ச்சு மாட்டினேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. என்னை எழுதிக்கோங்க."

மனைவி மகளை நிமிர்ந்து பார்த்தாள். "பொறந்ததுலேர்ந்து ஒரு டம்ளர் தேய்ச்சிருக்கியா நீ?" என்றாள்.

பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அடுப்பங்கரை ஜன்னல்ல கரி மாதிரி ஒண்ணு தொங்கினா அந்தம்மா என்ன நினைப்பாங்கன்னு தோணுச்சு. யாரையும் தொட விட மாட்டார்தான். ஆனா அவர் ஊர்லதானே இல்ல? வர்றதுக்குள்ள தேய்ச்சு மாட்டிட்டேன்." அவள் ஈரத் துணியை மடித்து மடித்து விரித்தாள். "பஸ்ல வந்து இறங்கினவர் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி ஜன்னலைப் பார்த்தார். பார்த்துட்டு சிரிச்சார். அப்படி ஒரு சிரிப்பு. நான் நல்லா தேய்ச்சிருக்கேன்னு சிரிக்கிறார்னு நினைச்சேன். 'எப்படி?'ன்னு கேட்டேன். 'பிரமாதம்'னார். எனக்கு அன்னிக்கு முழுக்க சந்தோஷமா இருந்துச்சும்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க மேல தப்பு இல்லம்மா," என்றாள் அண்ணி. "வால்வைக் குறைச்சவங்க இருக்காங்க, மீட்டரை அனுப்பிட்டு மறந்தவங்க இருக்காங்க."

"இருக்காங்க. நானும் இருக்கேன்." அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். தலையை வாரி முடிந்துகொண்டாள். "இன்ஜினியர் இருப்பாரா இன்னும்? நான் வந்து சொல்றேன். அவர் குடிக்கலைன்னு எழுதட்டும். நான் தேய்ச்சேன்னும் எழுதட்டும்."

"யோசிச்சுக்கோங்க. பொண்ணு முன்னாடி..."

"அவருக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். எனக்கு அவர் கிட்ட மறைக்க இனிமே என்ன இருக்கு?"

இன்ஜினியர் எழுதினார். சொன்னபடியே, முழுவதையும் எழுதினார். குடிபோதை என்ற சொல் அறிக்கையிலிருந்து போனது.

அதன் இடத்தில் வேறு சொற்கள் வந்தன. உடல் குறையைத் துறையிடம் மறைத்தார். அங்கீகரிக்கப்படாத முறையில் வாயுவைக் கணித்தார். ஆகவே விபத்துக்கு அவரே பொறுப்பு. வால்வைப் பற்றி ஒரு வரி இருந்தது: சிக்கனம் கருதி எடுக்கப்பட்ட நடவடிக்கை. மீட்டரைப் பற்றி இருந்ததும் ஒரே வரிதான்: பழுதுபார்ப்பில் உள்ளது. வீட்டைக் காலி செய்யச் சொன்ன உத்தரவு மட்டும் தெளிவாக, நாலு வரியில் இருந்தது.

பையன் ஒருமுறை வந்தான். வாசலிலேயே நின்றான். "அம்மாவை சமாதானப்படுத்தப் பார்த்தேன். இப்ப, குறையை மறைக்கற குடும்பம்னு சொல்றாங்க," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். மகள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நீங்க போங்க," என்றாள். அவன் போனான். அவள் கூப்பிடவில்லை. அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு காலி செய்கிற அன்று அண்ணியும் ரேடியோவும் போனார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூட்டை தூக்கலாம் என்றுதான் போனார்கள். வாசலில் சின்ன வேன் நின்றது. மாற்று ஆளாக வந்தவரையே நிரந்தர ஆபரேட்டராகப் போட்டுவிட்டார்கள். வீடும் அவருக்குத்தான். மனைவியும் கைக்குழந்தையும் அடுத்த வாரம் வருகிறார்களாம். பணிவான மனிதர். சொல்லாமலே வந்து கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார்.

"வால்வு இப்ப எப்படி இருக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"இன்ஜினியர் சொன்ன அளவுதாங்க. பாதி."

"பயமா இல்லையா?"

"எனக்கு மூக்கு நல்லா இருக்குங்க," என்று சிரித்தார். "பத்து வருஷம் இதே மாதிரி இன்னொரு பம்ப் ஹவுஸ்ல இருந்தேன். மூடியைத் திறந்தாலே தெரிஞ்சிடும்."

ரேடியோ மேஜைமேல் இருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டிருந்தான். நின்றான். அண்ணி வேண்டாம் என்பதுபோலப் பார்த்தாள். அவன் அதற்குள் பூங்கொத்தை உருவி அந்த மனிதரின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டான். தமாஷ் பண்ணுகிற பழக்கத்தில்தான் நீட்டினான்.

"அண்ணே, இது எப்படி?"

கட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவர் பூவை வாங்கினார். மரியாதையாக மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார்.

"நல்ல மணங்க," என்றார். "எந்தத் தோட்டத்துப் பூ?"

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிமெண்ட் அவள் கையோடு உதிர்ந்தது.

வேனில் ஏறி உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டரின் மனைவி இறங்கினாள். மூட்டையை அவிழ்த்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டு எதையோ தேடி எடுத்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் சட்டத்தில் ஆணி அப்படியே இருந்தது.

தேய்த்துப் பளபளப்பாக்கிய ஸ்பூனை அதில் மாட்டினாள்.

"அண்ணே, இங்க வாங்க," என்று அவரைக் கூப்பிட்டாள். "இது என்னன்னு சொல்றேன். உங்க சம்சாரம் வந்த உடனே, முதல் வேலையா அவங்க கிட்டயும் சொல்லிடுங்க."